பனியும் காற்றுக் கொந்தளிப்பும்: விமானம் ஏறும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன காலத்தில் கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்த வீடுகளில், இப்போது திருச்சியிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானம் குலுங்குமா என்று விசாரிக்கிறார்கள். விமானப் பராமரிப்பு வேலையில் காலத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவன் என்பதால் அந்தக் கேள்விகளில் பாதி என்னிடம் வந்து சேர்கிறது. மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, முகப்புத் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, "தம்பி, குலுங்குனா விழுந்துருமாப்பா?" என்று நேராகவே கேட்டார். அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பயணி உணர்கிற குலுக்கம் ஒரு பெரிய விமானத்தை வீழ்த்துவது மிக அரிது. பெரும்பாலும் அது இடுப்பு வாரைப் போடாத ஆளைத்தான் தூக்கி அடிக்கிறது. பயணி சிறிதும் உணராத பனி, சத்தமில்லாமல் பல விமானங்களை வீழ்த்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பயமாக வைத்துக்கொள்பவர்கள், குலுங்கும்போது சாமியைக் கும்பிட்டுவிட்டு, குலுக்கம் நின்றவுடன் வாரைக் கழற்றிவிடுகிறார்கள்.

வெயில் ஊருக்கு மேலே பனி

சித்திரை வெயிலில் செம்மண் பொரியும்போது பனியைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரலாம். ஆனால் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை இறங்குவதால், தரையில் 35 டிகிரி காயும் நாளிலும் பிள்ளையார்பட்டிக் கோபுரத்துக்கு நேர் மேலே சுமார் 17,000 அடியில் அது பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேலே இருக்கும் மேகத்தில் தண்ணீர் உறைந்துதான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அது அப்படி இருப்பதில்லை என்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மூடி திறக்காத சுத்திகரித்த தண்ணீர்ப் பாட்டில்கள் மூன்று நான்கை ஃப்ரீசரில் அசையாமல் படுக்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவ்வப்போது எட்டிப் பாருங்கள். சில உறைந்திருக்கும், ஒன்றிரண்டு தண்ணீராகவே இருக்கும். அப்படி இருக்கும் பாட்டிலை மெல்ல எடுத்து அடுப்பு மேடையில் ஒரு தட்டுத் தட்டினால், வெள்ளை நூல் நூலாக ஓடி, சில நொடிகளில் பாட்டில் முழுவதும் பனிக்கூழாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல், உறைய ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீருக்கு மிகைக்குளிர் நீர் என்று பெயர். மேகத்துளிகள் இந்த நிலையில் கழித்தல் 40 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். விமானத்துக்குத் தொல்லை தரும் அளவில் அவை பெரும்பாலும் பூஜ்யத்துக்கும் கழித்தல் 20 டிகிரிக்கும் இடையிலேயே கிடைக்கின்றன. பாட்டிலுக்கு உங்கள் கை கொடுத்த தட்டை அந்தத் துளிகளுக்கு இறக்கையின் முன்விளிம்பு கொடுக்கிறது. சிறு துளிகள் பட்ட இடத்திலேயே உறைந்து வெண்மையாகச் சொரசொரவென்று நிற்கும். பெருந்துளிகள் சற்றுப் பின்னால் வழிந்து சென்று கண்ணாடி போல உறையும். கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்த இரண்டாவது வகையே கொடியது.

பனியின் எடையால் விமானம் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எடையும் ஒரு காரணம்தான், ஆனால் சிறிய காரணம். நம் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு, கைக்குத் தடையே தெரியாத வழவழப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். இறக்கையின் மேல்பரப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனெனில் காற்று அதை ஒட்டி வழுக்கிச் செல்லும்போதுதான் விமானத்தைத் தூக்கும் விசை பிறக்கிறது. அந்தப் பரப்பின் மேல் தச்சர் தேய்க்கும் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான பனி படிந்தாலே தூக்கும் விசை 30 விழுக்காடு வரை குறையலாம், காற்றின் தடை 40 விழுக்காடு வரை கூடலாம் என்பது விமானத் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்கும் விசை சரியும் நிலையை விமானிகள் ஸ்டால் என்பார்கள். சுத்தமான இறக்கை எந்த வேகத்தில் ஸ்டால் ஆகும் என்பது விமானிக்குத் தெரியும். பனி படிந்த இறக்கையோ அதைவிடக் கூடுதல் வேகத்திலேயே, சில வேளைகளில் எச்சரிக்கைக் கருவி அலறுவதற்கு முன்பே, ஸ்டால் ஆகிவிடும்.

தரையிலேயே ஏறும் பனி

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, ஏர் புளோரிடாவின் போயிங் 737 ஒன்று பனி நீக்கும் திரவம் அடிக்கப்பட்ட பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. அதற்குள் இறக்கையில் மறுபடி பனி சேர்ந்தது. எஞ்சினைச் சூடாக்கிக் காக்கும் அமைப்பை விமானிகள் போடவில்லை என்பதால் எஞ்சினின் அழுத்தம் பார்க்கும் துளையும் அடைபட்டு, உண்மையில் கிடைத்த உந்துவிசையைவிட அதிகமாகக் கிடைப்பது போலக் கருவி காட்டியது. கிளம்பிய சில நொடிகளில் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும் பாலத்தின் மேல் 4 பேரும் இறந்தார்கள்.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது கனடாவின் டிரைடனில் 1989 மார்ச் 10 அன்று நடந்தது. ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப் 28 விமானத்தில் தரையில் மின்சாரமும் காற்றும் தரும் துணை எஞ்சின் பழுதாகியிருந்தது. அந்த ஊர் விமான நிலையத்தில் எஞ்சினைக் கிளப்பும் வெளிக்கருவியும் இல்லை. ஆகவே நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது என்று ஓர் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது பனி நீக்கும் திரவம் அடிக்கக் கூடாது என்பது விதி. இப்படி ஒன்றையொன்று பின்னிய முடிச்சில், இறக்கையில் பனியோடு கிளம்பிய விமானம் ஓடுபாதைக்கு அப்பால் மரங்களில் விழுந்து, இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். பயணிகளாக உட்கார்ந்திருந்தவர்களில் விமானிகள் இருவர் இருந்தார்கள். இறக்கையில் பனி இருப்பதை அவர்கள் பார்த்தும் இருந்தார்கள். விமானிக்குத் தெரியாததா, நாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை டொராண்டோ, நியூவர்க், சிகாகோ போன்ற இடங்களிலிருந்து திரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது இது. இடம் கிடைத்தால் இறக்கை தெரியும் சன்னலோரம் உட்காருங்கள். பனி பெய்தால், கிளம்புமுன் வண்டிகள் வந்து சூடான திரவத்தைப் பீய்ச்சும். ஆரஞ்சு நிறத்தது இருக்கும் பனியை உருக்கி இறக்கும், அதன்பின் அடிக்கும் பச்சைக் கொழகொழப்பு மேற்கொண்டு விழும் பனியைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். சிறிது நேரம் என்பதைக் கவனியுங்கள்: பனியின் வேகத்தையும் குளிரையும் பொறுத்து அந்தக் காப்புக்குக் கெடு உண்டு. திரவம் அடித்து வெகுநேரம் ஆகியும் விமானம் வரிசையில் நின்றுகொண்டிருக்க, பச்சைப் பூச்சின் மேல் வெள்ளை தங்குவது தெரிந்தால், அழைப்புப் பொத்தானை அழுத்தி, இறக்கையின் மேல் பனி சேர்வதாக விமானியிடம் சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் கூறிவிடுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் சன்னலைச் சுட்டிக் காட்டினாலே போதும். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "நான் சொன்னா கேப்பாகளா?" என்றார். கேட்பார்கள், பயணி சொன்னதை விமானியிடம் சேர்ப்பது அவர்களுடைய கடமை.

பறக்கும்போது ஏறும் பனி

பெரும்பாலான ஜெட் விமானங்கள் எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான காற்றை முன்விளிம்புக்குள் ஓடவிட்டுப் பனியைத் தடுக்கின்றன. பனி படியும் உயரத்தையும் சில நிமிடங்களில் தாண்டிவிடுகின்றன. தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போய்வரும் ஏடிஆர் வகை விசிறி விமானங்கள் பறப்பதோ, நம் ஊர்க் கணக்கில் பனி தொடங்கும் அதே உயரத்தையொட்டி. அவற்றின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் உறை ஒன்று ஒட்டியிருப்பதைச் சன்னலிலிருந்து பார்க்கலாம். அது காற்றை நிரப்பி உப்பி, படிந்த பனியை உடைத்து உதிர்க்கும். மேகத்துக்குள் போகும்போது விசிறியிலிருந்து தெறிக்கும் பனித்துண்டு பக்கவாட்டுத் தகட்டில் 'டம்' என்று அடித்தால் பதற வேண்டாம். அது பனி கழன்று போகும் சத்தம்.

அந்த உறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்ற ஊருக்கருகே தெரிந்தது. சிகாகோவில் இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்த ஏடிஆர் 72 விமானம், வழக்கத்தைவிடப் பெரிய மிகைக்குளிர்த் துளிகள் கொண்ட தூறலுக்குள் நெடுநேரம் சுற்றியது. துளிகள் ரப்பர் உறையைத் தாண்டி வழிந்து, உறை எட்டாத இடத்தில் ஒரு வரப்பாக உறைந்தன. அந்த வரப்புக்குப் பின்னால் காற்று பிரிந்ததால், விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் தகடு தானாக இழுபட, விமானம் புரண்டு விழுந்து 68 பேரும் இறந்தார்கள். அதன் பிறகே ஏடிஆர் விமானங்களின் உறை பின்னோக்கி அகலப்படுத்தப்பட்டது. அப்படிப்பட்ட தூறலைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும் என்றும் விதி வந்தது.

பனி இறக்கையைத் தொடாமலே ஒரு விமானத்தை வீழ்த்தவும் முடியும். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், இடிமேகங்களுக்கு நடுவே நுண்ணிய பனிப்படிகங்கள் வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்களை அடைத்தன. அடைப்பு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே. ஆனால் வேகம் தெரியாததால் தானியங்கி ஓட்டம் விலகிக்கொண்டது. கையில் வாங்கிய விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே போக, விமானம் ஸ்டால் ஆகி, தானியங்கி விலகியதிலிருந்து ஏறக்குறைய நாலரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பனி அங்கே செய்தது ஒரு கருவியைச் சில நொடிகள் ஊமையாக்கியது மட்டும்தான் என்பதை நினைக்கும்போது, இந்தத் தொழிலில் இருந்தவனுக்கே இன்றும் நெஞ்சு கனக்கிறது.

குலுக்கம்

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். நம்மவர்கள் லேவாதேவி செய்த பர்மாவின் ஐராவதிச் சமவெளிக்கு மேலே, 2024 மே 21 அன்று, 37,000 அடியில், லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321 விமானம் கடும் கொந்தளிப்பில் சிக்கியது. சிங்கப்பூர் விசாரணையாளர்கள் வெளியிட்ட முதற்கட்டக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாரைப் போடுங்கள் என்ற விளக்கு எரிந்ததாக விமானி குரல் கொடுத்ததற்கும் பெரிய அடி விழுந்ததற்கும் இடையே இருந்தது 8 நொடி. பிறகு, 0.6 நொடியில், உடலின் எடை போலத் தோன்றும் விசை 1.35 மடங்கிலிருந்து கழித்தல் 1.5 மடங்குக்குத் திரும்பியது. அடுத்த 4 நொடிக்குள் மறுபடி கூட்டல் 1.5 மடங்குக்கு வந்தது. விமானம் இறங்கியது 178 அடிதான். முதல் அரை நொடியில் நடந்தது என்னவென்றால், விமானம் கீழே இழுபட, வாரில்லாத மனிதர்கள் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நிற்க, கூரை இறங்கி வந்து அவர்கள் தலையில் இடித்தது. அடுத்த நான்கு நொடியில் அவர்கள் கீழே விழுந்தார்கள். ஒருவர் இறந்தார்; பலருக்கு மண்டையிலும் முதுகெலும்பிலும் அடி. விமானம் பாங்காக்கில் முழுதாக இறங்கியது.

இந்த 8 நொடிதான் என் பதில். பட்டுச்சேலை கட்டிய ஓர் ஆச்சி போர்வையை விலக்கி, இருக்கைக்கு அடியில் நழுவிப் போன வாரைத் தேடி எடுத்துக் கொக்கியை மாட்ட 8 நொடி போதாது. ஆகவே விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வார் இடுப்பில் இருக்கட்டும். அது வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்து, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். பட்டு வழுக்கும் என்பதால் முந்தானையையும் கொசுவத்தையும் ஒதுக்கிவிட்டு மாட்டுவது நல்லது. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். தூங்குகிறவர்கள் போர்வைக்கு மேலே மாட்டிக்கொண்டால், பணியாளர்கள் சரிபார்க்க எழுப்ப மாட்டார்கள்.

மடியில் வைத்திருக்கும் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழித்தல் 1.5 மடங்கு விசையில் 10 கிலோ குழந்தை 15 கிலோ எடையாக மேல்நோக்கி இழுக்கும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். எந்தத் தாயின் கையும் அதற்குத் தயாராக இருக்காது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இடம் வாங்கி, விமான நிறுவனம் ஏற்கும் குழந்தை இருக்கையில் கட்டுவதே சிறந்தது. அந்தச் செலவு முடியாதவர்கள், பெரியவரின் வாரோடு கோக்கும் குழந்தை வாரைக் கேட்டு வாங்கிப் பயணம் முழுவதும் மாட்டியிருங்கள். பெரியவரின் வாருக்குள்ளேயே குழந்தையைச் சேர்த்துக் கட்டாதீர்கள். பெரியவரின் எடை குழந்தையை நசுக்கிவிடும்.

சீப்புச்சீடை, மணகோலம் நிரப்பிய எவர்சில்வர் சம்படங்களை மேல்தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தட்டின் கதவு திறந்துகொண்டால் அது தலையில்தான் இறங்கும். அவை பெட்டிக்குள்ளோ முன் இருக்கையின் அடியிலோ போகட்டும். கழிவறைக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது குலுக்கம் வந்தால், தன் இருக்கைக்கு ஓடுவதைவிட, காலியாகக் கிடக்கும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாரை மாட்டுவது மேல். அதுவும் இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து இருக்கையின் காலைப் பிடித்துக்கொள்ளலாம்.

குலுக்கத்தைக் குறைத்து உணர விரும்புகிறவர்கள் இறக்கையை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள். டவுன் பஸ்ஸின் கடைசி சீட் தூக்கிப்போடுவது போலவே விமானத்தின் வாலும் கூடுதலாக ஆடும். கோடையில் நிலம் சூடேறி எழும் காற்றுத் தூண்கள் பிற்பகலில் தரையிறங்கும் விமானத்தைத் தட்டும் என்பதால், உள்நாட்டுப் பயணத்துக்குக் காலை விமானம் அமைதியானது. வங்காள விரிகுடாவில் இடிமேகங்களைச் சுற்றிக்கொண்டு போவதால் சிங்கப்பூர் விமானம் சில நாள் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்காகக் கோபப்படாதீர்கள். விமானத்தின் ராடார் தண்ணீர்த் துளியைக் காட்டுமே தவிர, மேகமில்லாத வெளியில் வேகக் காற்றோட்டங்களின் ஓரத்தில் எழும் கொந்தளிப்பைக் காட்டாது. வடக்கு அட்லாண்டிக்கில் அத்தகைய கடும் கொந்தளிப்பு 1979க்கும் 2020க்கும் இடையே 55 விழுக்காடு கூடியிருப்பதாக ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கணித்தார்கள். அமெரிக்கா போகிற ஆச்சிகள் அந்தப் பக்கம்தான் பறக்கிறார்கள்.

கொந்தளிப்பு விமானத்தையே வீழ்த்திய நிகழ்வுகள் உண்டு, ஆனால் அவற்றை விரல்விட்டு எண்ணலாம். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபூஜி மலைச் சரிவில் புரளும் காற்றலைக்குள் போன பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707 வானிலேயே உடைந்து 124 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் தரையிறங்கிக்கொண்டிருந்த டெல்டா 191 விமானத்தை இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்று தரையோடு அழுத்தியது. 137 பேர் இறந்தார்கள். இந்த இரண்டாவது வகை தரைக்கு அருகில் நடப்பதால்தான், ஓடுபாதைக்கு மேலே இடிமேகம் நிற்கும்போது விமானி இறங்காமல் வட்டமடிக்கிறார் அல்லது வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்.

விபத்துச் செய்தியைப் படிக்கும் முறை

விபத்து நடந்த அன்றே வாட்ஸ்அப்பில் வானிலைதான் காரணம் என்று வந்துவிடும். 2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர்ஏசியா 8501 விழுந்து 162 பேர் இறந்தபோது, புயலும் பனியும் என்று ஊரே பேசியது. ஓர் ஆண்டு கழித்து வந்த இந்தோனேசிய அறிக்கையோ, வால் சுக்கான் கட்டுப்பாட்டுக் கருவியில் விரிசல் விட்ட ஒரு பற்றவைப்பையும், அதைச் சரிசெய்ய முயன்றபோது விமானிகள் விமானத்தைக் கையாண்ட விதத்தையும் சுட்டியது. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கருகே கோல்கன் 3407 விழுந்து 50 பேர் இறந்தபோதும் இறக்கையில் பனி இருந்தது, விமானிகளே அதைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். விசாரணையின் முடிவில், பனி விமானத்தை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்றும், ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது தள்ள வேண்டிய நெம்புகோலைத் தலைமை விமானி இழுத்ததே காரணம் என்றும் எழுதினார்கள்.

பன்னாட்டு விதிப்படி முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாளும் இறுதி அறிக்கைக்கு இயன்றவரை 12 மாதமும் கெடு. முதலாவதில் நடந்தவை மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. இறுதி அறிக்கை வந்தால் காரணம் பற்றிய பத்தியை முதலில் படித்துவிட்டு, பிறகு வானிலைப் பகுதிக்குப் போய், பனியோ கொந்தளிப்போ எந்த நிமிடத்தில் வந்தது, அதற்கு எவ்வளவு நேரம் முன்னால் விமானிகளுக்குத் தெரிந்திருந்தது என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.